பத்து பாட்டில் ஊற்றியும் போகாத கறை

கேள்வி: மேடவாக்கத்தில் 14 வருடப் பழைய ஃப்ளாட் ஒன்றை வாங்கி ஆறு மாதத்துக்கு முன்பு குடிவந்தோம். தண்ணீர் போர்தான், கோடையில் லாரி. பொதுக் குளியலறையில் இருக்கும் வெஸ்டர்ன் கம்மோடைப் பார்க்கவே கூசுகிறது. பின்பக்கம் மேலிருந்து கீழே வரை செங்காவி நிறத்தில் ஒரு பட்டை, தண்ணீர் நிற்கும் இடத்தில் மஞ்சளும் பழுப்புமாகத் தடித்த வளையம், விளிம்புக்கு அடியில் கறுப்பு. இதுவரை பத்து பாட்டில் டாய்லெட் க்ளீனர் ஊற்றியிருப்பேன். வேலைக்கு வரும் அக்கா கடையில் ஆசிட் வாங்கி ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்துப் பார்த்தார். கறை போகவில்லை, சாம்பல் நிறத்தில் கீறல்கள்தான் விழுந்திருக்கின்றன. பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாது மேடம், மாத்திடுங்க" என்று 18,000 ரூபாய் கேட்கிறார். என் கணவர் தண்டச் செலவு என்கிறார். பொங்கலுக்கு மாமியார் வருகிறார், மூட்டுவலிக்காரர், அவர் இந்தக் குளியலறையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுத்தம் செய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா? இன்னொரு குளியலறையின் கம்மோடு பழைய ஓனர் 3 வருடத்துக்கு முன்பு மாற்றியது. அதிலும் இப்போது லேசாக மஞ்சள் வளையம் தெரிகிறது.
— ஒரு வாசகி, சென்னை

பதில்: கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரியில் இருக்கிறது. 3 வருடக் கம்மோடிலேயே வளையம் விழ ஆரம்பித்துவிட்டது என்றால், 18,000 ரூபாய் கொடுத்து வைக்கப்போகும் புதுக் கம்மோடுக்கும் அதே கதிதான். அதனால் பிளம்பரிடம் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். நானும் 30 வருடமாக பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுப்பவன்தான். "மாத்திடுங்க" என்று சொல்வது எங்களுக்கு எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும்.

கறை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கம்மோடில் இருப்பது நான்கு வேறு வேறு சங்கதிகள். ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. பத்து பாட்டில் வீணானதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தண்ணீர் மட்டத்தில் தடித்திருக்கும் வளையம் உப்பு. சமையல் உப்பு இல்லை, போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அதே ஆள். கம்மோடில் அதனுடன் சிறுநீரில் இருக்கும் உப்புகளும் சேர்ந்து படிவதால் நிறம் மஞ்சளாகி, நாளாக நாளாகப் பழுப்பாகிறது. பின்பக்கத்துச் செங்காவிப் பட்டை இரும்பு. விளிம்புக்கு அடியில் இருக்கும் கறுப்பு, விரலால் தொட்டால் வழுக்குகிறதா? அப்படியானால் அது வெறும் பூஞ்சைப் பாசி, பிரஷ்ஷுக்கே போய்விடும். கெட்டியாகப் பிடித்திருந்தால் தண்ணீரில் மாங்கனீஸும் இருக்கலாம். கடைசியாக அந்தச் சாம்பல் கீறல்கள். பயப்படாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை கீறலே இல்லை. கம்பி நாரின் உலோகம் தேய்ந்து பீங்கானில் ஒட்டிக்கொண்ட கோடுகள். சிலேட்டில் குச்சி எழுதிய மாதிரி. கம்பி நாரை மட்டும் இனி அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கம்மோடு எதனால் ஆனது என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். உள்ளே இருப்பது களிமண் பீங்கான். அதன்மேல் ஒரு கண்ணாடிப் பூச்சு, கிளேஸ் என்போம். இரண்டையும் சேர்த்துச் சுமார் 1,200 டிகிரி சூளையில் வேகவைக்கிறார்கள். அழுக்கு ஒட்டாமல் வழுக்கி ஓடுவதெல்லாம் அந்தப் பூச்சின் தயவு. பூச்சு உயிரோடு இருக்கும்வரை மேலே எவ்வளவு கறை ஏறியிருந்தாலும் அது மேலே ஏறிய கறைதான், இறக்கிவிடலாம். பூச்சு தேய்ந்துபோய்க் கறை உள்ளே இறங்கிவிட்டால் எந்த மருந்தும் உதவாது. ஆகவே கம்மோடு எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யவே கூடாது. நான் அப்படிச் செய்து ஒரு தடவை அவமானப்பட்டிருக்கிறேன்.

20 வருடம் இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கு கம்மோடுகளைப் பார்த்துவிட்டு, தேறாது, மாற்றிவிடலாம் என்று நானே சொன்னேன். உங்கள் பிளம்பர் சொன்ன அதே வார்த்தை. மாற்றியும் விட்டோம். கழற்றிய நான்கில் மூன்று தூக்கும்போதே உடைந்தன. நான்காவதை, என் பட்டறையில் இருந்த உடைந்த இந்தியன் க்ளோசெட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துவந்தேன். வெளியே வைத்து அடைப்பைக் கட்டி, எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து நிரப்பி இரண்டு ராத்திரி விட்டேன். மூன்றாம் நாள் காலை ஒரு ஐஸ் குச்சியால் வளையத்தின் ஓரத்தை நெம்பினேன். நனைந்த அப்பளம் மாதிரி ஒரு வில்லை பெயர்ந்து வந்தது, கிட்டத்தட்ட நகத்தின் தடிமன். மரத்தின் வளையம்போல அதில் வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. அது பெயர்ந்த இடத்தில் கம்மோடு பால் மாதிரி பளிச்சென்று இருந்தது. பின்னால் மேல்பக்கம் கழுவியபோது நெய்சர் கம்பெனியின் முத்திரை தெரிந்தது. வடலூரில் செய்த பழைய உருப்படி. அந்தக் காலத்தில் வடலூர் நெய்சரும் ராணிப்பேட்டை பாரிவேரும்தான் நம் பக்கத்து வீடுகளில் பாதி. அந்தக் கம்மோடு இன்னும் என் பட்டறையில் இருக்கிறது. மண்டபத்துக்காரர் ஒருநாள் வேறு வேலையாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

சரி, உங்கள் வீட்டு வேலைக்கு வருவோம். முதலில் ஃப்ளஷ் டேங்க். கம்மோடின் பின்பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழே ஒரே பட்டையாகக் கறை என்றால் அந்த இடத்தில் தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கசிவாக இருக்கும், சத்தமும் வராது. டேங்க்கின் உள்ளே ஃப்ளஷ் வால்வின் அடியில் ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கும். அதில் உப்புப் பிடித்தாலோ அது தேய்ந்தாலோ சரியாக மூடாது. நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தாலே ஒரு நாளைக்கு 144 லிட்டர் ஆகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கறை ஒரு பக்கம் இருக்கட்டும், காசு ஓடிக்கொண்டிருக்கிறது. வால்வையே புதிதாக மாற்றினாலும் சில நூறு ரூபாய் வேலைதான்.

கசிகிறதா என்று பார்க்கப் பிளம்பர் வேண்டாம். துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் சுத்தம். நீங்கள் ஊற்றிய க்ளீனர் மோசமான சரக்கு இல்லை. கடையில் கிடைக்கும் நீல பாட்டில்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது, உப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீரின் மேலேயே ஊற்றினால் அது நீர்த்துப்போகிறது. சுவர்ப் பக்கத்தில் ஊற்றியது 5 நிமிடத்தில் வழிந்து கீழே போய்விடுகிறது. வருடக்கணக்கில் ஏறிய பொருக்குக்கு அந்த நேரம் பத்தாது. இங்கே வேலை செய்வது வீரியம் இல்லை, நேரம். அதனால்தான் நான் எலுமிச்சை உப்பு சொல்கிறேன். சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் மளிகைக் கடையிலும் கெமிக்கல் கடையிலும் கொடுப்பார்கள். புகை வராது, குழாயை அரிக்காது, ஒரு ராத்திரி முழுக்க நிம்மதியாக விட்டுவிடலாம்.

டேங்க்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். கம்மோடில் மிச்சம் நிற்கும் தண்ணீரைப் பிரஷ்ஷால் வேகமாக உள்பக்கம் தள்ளித் தள்ளி வெளியேற்றுங்கள். கொஞ்சம் அடியில் நிற்கும், அதைப் பழைய மக்கில் மொண்டு, ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டுதான். வளையம் வெளியே தெரிய வேண்டும், அதுதான் குறி. இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 200 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, வளையம் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பீங்கான் திடீர்ச் சூட்டில் விரிசல் விட்டுவிடும், அப்புறம் மாற்றுவதைத் தவிர வழி இல்லாமல் போகும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் பட்டைக்கு, டிஷ்யூ பேப்பரையோ பழைய பனியன் துணியையோ அதே கரைசலில் நனைத்துச் சுவரொட்டி மாதிரி ஒட்டிவிடுங்கள். விளிம்புக்கு அடியிலும் அப்படியே திணித்துவிடலாம். ராத்திரி எல்லோரும் இன்னொரு குளியலறையைப் பயன்படுத்தட்டும்.

காலையில் பழைய ஏடிஎம் கார்டாலோ ஐஸ் குச்சியாலோ ஓரத்தில் நெம்பிப் பாருங்கள். கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். பெயர்கிற வரைக்கும் பெயர்த்துவிட்டு, மீதிக்கு அடுத்த ராத்திரி இன்னொரு தடவை. 14 வருடப் படிவுக்கு மூன்று ராத்திரி ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். பெயர்த்த வில்லைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உள்ளே தள்ளினால் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உப்பு போன பிறகுதான் இரும்பு. இந்த வரிசை முக்கியம். துருக்கறைக்கு மிக நன்றாகக் கேட்பது ஆக்ஸாலிக் ஆசிட், கெமிக்கல் கடைகளில் தூளாகக் கிடைக்கும். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைப் படிவாகிவிடும், ஒரு கறைக்கு இரண்டு கறை. ஆகவே உப்பை முழுக்க இறக்கி, நன்றாகக் கழுவிவிட்டு, பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஸ்பூன் தூளைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நாரின் சாம்பல் கோடுகளும் இதிலேயே போய்விடும். ஆக்ஸாலிக் ஆசிட் விஷம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூள் பறந்து மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். எலுமிச்சை உப்பும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைத் தூள், பொட்டலத்தின் மேல் பெயர் எழுதி வையுங்கள்.

செங்காவிக் கறையைப் பார்த்ததும் நம் ஊரில் பலர் ப்ளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். பாசிக்கு அது சரி. இரும்புக்கு நேர் எதிர் வேலை செய்யும், தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக்கி ஒட்டவைக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவன், க்ளீனர் ஊற்றிய கம்மோடிலேயே மேலாக ப்ளீச்சிங் பவுடரையும் போட்டான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பதை நான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும், சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தவன், இருமிக்கொண்டே கண்ணைத் திறக்க முடியாமல் தவழ்ந்து வெளியே வந்தான். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தான். உங்கள் வீட்டு அக்காவுக்கு இதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்: ஒரு நாளில் ஒரு மருந்துதான், ஒன்றை முழுக்கக் கழுவாமல் இன்னொன்றைத் தொடக்கூடாது.

கடை ஆசிட்டும் வேண்டாம். 2013-ல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகும் அடையாள அட்டை கேட்காமல் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, தெரியும். கிளேஸை அது பெரிதாக ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான். கண்ணாடி ஆசிட்டுக்கு மசியாது. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டைத் தின்றுவிடும், கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்போதுதான் நமக்கு விஷயம் புரியும். ஹெல்த் ஃபாசெட்டும் கதவுக் கீலும் அந்தப் புகையிலேயே கறுத்துப்போகும். செப்டிக் டேங்க் இருக்கும் வீடாக இருந்தால் உள்ளே கழிவைச் செரிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கும் கேடு. வீடியோவில் காட்டுகிற கோலா வைத்தியத்தைக் கேட்பீர்கள். அதில் கொஞ்சம் பாஸ்பாரிக் ஆசிட் இருப்பது நிஜம், ஆனால் உங்கள் வளையத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி, எறும்பு வேறு வரும். சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து நுரை பொங்க ஊற்றுவதும் அப்படித்தான். நுரை வரும், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கே வர வேண்டும். கம்மோடை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மெல்லிய கையுறையோடு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி வளையலைத் தடவுவதுபோல வழுக்குகிறதா, உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறதா? சந்தேகமாக இருந்தால் பேனா மை. வீட்டில் இங்க் பேனா இருந்தால் ஒரு சொட்டு மையைக் கறை இருந்த இடத்தில் வையுங்கள். இன்னொரு சொட்டை, எப்போதுமே தண்ணீர் படாத வெளிப்பக்கத்தில். 5 நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டும் சுத்தமாகப் போய்விட்டால் பூச்சு உயிரோடு இருக்கிறது, கம்மோடுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. வெளிப்பக்கத்து மை போய், உள்பக்கத்து மை மட்டும் நீலத் திட்டாகவோ முடிமாதிரி மெல்லிய வலைக்கோடுகளாகவோ நின்றுவிட்டால், அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. இன்று வெளுத்தாலும் ஒரே மாதத்தில் திரும்பவும் பழுப்பாகும். அப்போது மாற்றுங்கள், யோசிக்க வேண்டாம்.

மை வைத்துப் பார்க்கத் தேவையில்லாமலே மாற்ற வேண்டிய நிலைமைகளும் உண்டு. பீங்கானிலேயே விரிசல், அடியில் தரையோடு சேரும் இடத்தில் எப்போதும் ஈரம், உட்கார்ந்தால் ஆட்டம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கறையைப் பற்றிப் பேச வேண்டாம். ஃப்ளஷ் பலவீனமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் வரும் துளைகள் உப்பால் அடைத்திருக்கும். அதே எலுமிச்சை உப்பு, பிறகு ஒரு பல்குத்தும் குச்சி. மேலே வெள்ளைப் பெயின்ட் மாதிரி ஸ்ப்ரே அடித்துப் புதிதாக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாஷ்பேசினுக்கு வேண்டுமானால் கொஞ்ச நாள் நிற்கும், எந்நேரமும் தண்ணீர் நிற்கும் கம்மோடில் உரிந்துவிடும்.

உங்கள் கம்மோடு மை சோதனையில் தேறிவிடும் என்றே நினைக்கிறேன். கம்பி நார் ஆறு மாதத்துக்குள்தான் வந்திருக்கிறது, அதற்குள் பூச்சை முழுக்கத் தின்றிருக்க முடியாது.

ஆனால் உங்கள் மாமியாரின் மூட்டு எனக்கு வேறு யோசனையைத் தருகிறது. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண மாடல்கள் 400 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் 430 முதல் 480 வரை இருந்தால் சிரமமில்லாமல் எழுந்திருப்பார்கள். பொங்கலுக்கு வந்து பத்து நாளில் திரும்புகிறவர் என்றால், மருந்துக் கடைகளில் கிடைக்கும் சீட் ரெய்சர் ஒன்றும், சுவரில் ஒரு கைப்பிடியும் போதும். கைப்பிடியை டைல்ஸுக்குப் பின்னால் கெட்டியான சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், முழு எடையும் அதில்தான் விழும். இனி உங்களோடுதான் இருக்கப்போகிறார் என்றால், கறையே இல்லாவிட்டாலும் உயரமான கம்மோடாக மாற்றுங்கள் என்பேன். உங்கள் கணவரிடம் தண்டச் செலவு இல்லை என்று சொல்ல அது நியாயமான காரணம். கறை அப்படி இல்லை.

மாற்றுவதாக முடிவானால் கடைக்குப் போகுமுன் அளவு எடுக்க வேண்டும். கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், சுவருக்குள் போனால் பி டிராப். எஸ் டிராப் என்றால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரைக் குழாயின் நடுமையம் வரை எவ்வளவு என்பதுதான் உயிர்நாடி. 100, 225, 300 மில்லிமீட்டர் என்று மாடலுக்கு மாடல் மாறும். ஆஃபரில் கிடைத்தது என்று கம்மோடை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் குழாயை இழுத்து வளைத்துப் பொருத்திய வீடுகளில்தான் அடைப்பும் நாற்றமும். அடிப்பாகத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். புதியது சிறியதாக இருந்தால், பழையதை வெள்ளை சிமெண்ட் போட்டு உட்கார வைத்திருந்த இடம் திட்டாக வெளியே தெரியும். 14 வருடத்துக்கு முந்தைய டைல்ஸுக்கு ஜோடி இனி கிடைக்காது. புதியதைச் சிமெண்டில் புதைக்காமல் ஸ்க்ரூ போட்டுச் சுற்றி சிலிகான் அடிக்கச் சொல்லுங்கள், அடுத்த தடவை கழற்றும்போது தரை தப்பிக்கும். பெட்டியில் ஐஎஸ் 2556 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பட்டன் இருக்கும் டேங்க்கை எடுங்கள். சுவரில் தொங்கும் மாடல் பார்க்க அழகு, கூட்டித் துடைக்கவும் வசதி. ஆனால் அதன் டேங்க் சுவருக்குள் ஒளிந்திருக்கும், உங்கள் தண்ணீருக்கு அடிக்கடி கைவைக்க வேண்டிவரும். நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 18,000 அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். கம்மோடுக்கு எவ்வளவு, உடைக்க, பொருத்த, குப்பை அள்ள எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது தண்ணீர். அபார்ட்மெண்டில் எல்லோர் வீட்டிலும் இதே வளையம் இருக்கும், கேட்டுப் பாருங்கள், யாரும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கத்தில் பேசி, போர் தண்ணீரை ஒருமுறை சோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள். டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு யாராவது தீர்ப்பு சொன்னால் நம்பாதீர்கள். அது மொத்த உப்பைக் காட்டுமே தவிர, சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள்தான். கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்புச் சத்து, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்கிறார்கள். இரும்பு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே பீங்கானிலும் வெள்ளைத் துணியிலும் கறை பிடிக்கும். இரும்பு அதிகமாக இருந்து சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னரை மட்டும் வாங்கினால் அதன் உள்ளே இருக்கும் ரெசின் மணிகளும் துருப்பிடித்துச் சீக்கிரமே படுத்துவிடும். இரும்புக்கான ஃபில்டர் முதலில், சாஃப்ட்னர் அதற்குப் பிறகு.

சங்கம் முடிவெடுக்க எத்தனை கூட்டம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். அதுவரைக்கும் வாரம் ஒரு ராத்திரி, படுக்கப்போகும் முன் இரண்டு கம்மோடிலும் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பைப் போட்டு, காலையில் பிரஷ் போட்டு ஃப்ளஷ் செய்துவிடுங்கள். 3 வருடக் கம்மோடு இதிலேயே பழையபடி ஆகிவிடும்.

சொட்டு நீலத்தை மறந்துவிடாதீர்கள். இன்று ராத்திரி கடைசி ஆள் போய்வந்த பிறகு, ஃப்ளஷ் டேங்க் நிறையட்டும், மூடியைத் தூக்கிப் பத்துச் சொட்டு விடுங்கள். யாரும் ஃப்ளஷ்ஷைத் தொட வேண்டாம். காலையில் கம்மோடுத் தண்ணீர் நீலமாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், வாஷர் மாற்ற.